நாரி நோவும் கையால் செய்யும் வைத்தியமும்



நாரி என்றால் என்ன என்று இந்நாட்டில் பிறந்த எமது பிள்ளைகளிடம் கேட்டால் பலர் விழிப்பார்கள். எமது ஊர்ப் பேச்சில் அது முதுகின் அடிப்பாகம். விலா எலும்பு முடிகிற இடத்துக்கும் ஆசனத்துக்கும் இடைப்பட்ட பகுதி. தமிழ்நாட்டு அன்பர்கள் இதனை இடுப்புவலி என்பார்கள். சொல் எதுவாயினும் நோவு ஒன்றுதான். பெற்றோல் ஸ்ரேஷனில் இரவு முழுவதும் நிற்பவர், கடையின் பின்கட்டில் அரிசி மூடை இறக்குபவர், மினிகாப் ஓட்டுபவர், அன்னதானத்துக்குப் பெரிய கிடாரம் தூக்குபவர், எம்மைப்போல் கணக்குகளின் முன் குனிந்திருப்பவர் ஆகிய எல்லோருக்கும் இது பொது. ஜனவரி 31 வரித்தினம் நெருங்கும்போது எமது தொழில் செய்பவர்களின் நாரியைத்தான் கேட்டுப் பார்க்கவேண்டும்! உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் 61 கோடியே 90 இலட்சம் பேருக்கு இந்நோவு இருந்தது.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் நாரி நோவையே நாட்பட்டது என்கிறார்கள். அந்நிலை வந்ததும் ஈஸ்ட் ஹாமில் நாம் கேட்கும் முதற் கேள்வி, "ஆரிட்டைப் போய்ப் பிடிப்பிக்கலாம்?" என்பதாகும். கேள்வியில் பிழையில்லை. ஆனால் பிடிப்பிப்பதோடு காரியம் முடிந்தது என்று எண்ணுகிறோமே, அதைப் பற்றித்தான் இக்கட்டுரையில் ஆராய விரும்புகிறோம். கைவைத்தியம் என்றால் வீட்டில் இஞ்சி, மிளகு கொண்டு செய்வது என்று பொருள்படும். ஆகவே கைகொண்டு அழுத்தியும் அசைத்தும் செய்யும் முறைகளை இங்கே கைச்சிகிச்சை என்று குறிப்பிடுவோம்.

இது எமக்குப் புதியதொன்றல்ல. ஊரில் உளுக்கு எடுப்பவரும் முறிவு நெரிவு வைத்தியரும் இல்லாத பகுதி கிடையாது. சித்த வைத்தியத்தில் இது தொக்கணம் எனப்படும். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று அதனை ஒன்பது வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். இந்த ஒன்பதையும் ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இன்று இலண்டனில் ஒரு பிசியோதெரபிஸ்ட் மேசையில் கிடத்திச் செய்வதில் பெரும்பகுதி இதற்குள் அடங்கிவிடும். கைதடியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவப் படிப்பும், சென்னை தாம்பரத்தில் 2005இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இக்கலையை முறைப்படி கற்பிக்கின்றன.

இந்நாட்டில் இதனைச் செய்பவர்கள் மூன்று பிரிவினர். முதலாவது பிசியோதெரபிஸ்ட்டுகள். 1894ஆம் ஆண்டில் இலண்டனில் நான்கு தாதிமார் கூடித் தொடங்கிய சங்கமே இன்றைய பிசியோதெரபிச் சங்கத்தின் தாய். மசாஜ் என்ற பெயரில் வேறு தொழில் நடத்திய விடுதிகளால் தம் தொழிலின் மானம் போகாமற் காக்கவே அவர்கள் சங்கம் அமைத்தார்கள். இரண்டாவது ஒஸ்டியோபதி. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தைச் சேர்ந்த அன்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற வைத்தியர் 1874இல் வெளியிட்ட முறை அது. மூன்றாவது கைரோபிராக்டிக். 1895இல் அயோவா மாநிலத்தில் டி. டி. பாமர் என்பவர் தொடங்கியது. ஒஸ்டியோபத்துகளுக்கு 1993இலும் கைரோபிராக்டர்களுக்கு 1994இலும் பிரித்தானியப் பாராளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. இன்று இம்மூன்று பெயர்களுள் எதையும், உரிய பதிவேட்டில் பெயர் இல்லாத ஒருவர் தமக்குச் சூட்டிக்கொள்வது குற்றம். மசாஜ் செய்பவர், வர்ம வைத்தியர், ஆயுர்வேத வைத்தியர் ஆகியோருக்கு இங்கே அத்தகைய சட்டப் பதிவேடு இல்லை. அவர்களில் திறமைசாலிகள் இல்லை என்பது இதன் பொருளல்ல. ஏதும் தவறு நடந்தால் முறையிட ஒரு சபை இல்லை என்பதே பொருள்.

மேசையில் படுத்தபின் என்ன நடக்கிறது? தசைகளை அழுத்திப் பிசைவது ஒன்று. முள்ளந்தண்டின் ஒரு மூட்டின்மேல் கையை ஊன்றி, தொட்டில் ஆட்டுவதுபோல் மெதுவாகத் திரும்பத் திரும்ப அசைப்பது இன்னொன்று. 1964இல் நூல் எழுதிய அவுஸ்திரேலியப் பிசியோதெரபிஸ்ட் ஜெப்ரி மெய்ட்லண்ட் இந்த அசைவுக்குப் படிகள் வகுத்தார். முதற்படியில் தொட்டும் தொடாமலும் சிறு அசைவு. நான்காம் படியில் மூட்டு போகக்கூடிய எல்லைவரை சென்று செய்யும் அசைவு. அதற்கும் அப்பால், ஒரு கணத்தில் வேகமாகக் கொடுக்கும் சிறு தள்ளல் உண்டு. 'டொக்' என்று சத்தம் கேட்பது அதில்தான். வேறொரு முறையில் நோயாளி வைத்தியரின் கைக்கு எதிராகச் சில விநாடிகள் தள்ளி, பின் தளர்த்துவார். தளர்ந்த அந்த நேரத்தில் வைத்தியர் மூட்டைச் சற்று மேலே கொண்டுபோவார். வயோதிபர்களுக்கு இது இதமானது.

அந்த 'டொக்' சத்தத்தைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும், ஏனெனில் எம்மவர் அதற்காகவே காசு கொடுக்கிறார்கள். விலகிய எலும்பு இடத்தில் வந்து விழுந்த சத்தம் என்று நினைக்கிறோம். அது அவ்வாறன்று. மூட்டினுள் உள்ள திரவத்தில் திடீரென ஒரு வாயு இடைவெளி உண்டாகும்போது எழுவதே அச்சத்தம். கனடாவின் அல்பேர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் விரல் முறிக்கும்போது எம்.ஆர்.ஐ. படம் எடுத்து இதனைக் கண்ணாற் கண்டார்கள். சத்தம் வராவிட்டால் வைத்தியம் பலிக்கவில்லை என்பதுமில்லை, வந்தால் பலித்தது என்பதுமில்லை.

அதேபோல்தான் "டிஸ்க் விலகிப் போச்சு" என்ற பேச்சும். முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் மேலும் கீழும் எலும்போடு உறுதியாக ஒட்டியவை. கேரம் காய்போல் வழுக்கிப் போவனவல்ல. அவை சற்றுப் புடைக்கலாம், சில வேளை வெடித்து உள்ளிருப்பது வெளிவந்து நரம்பை உறுத்தலாம். ஆனால் புடைப்பு எல்லாம் நோயல்ல. எவ்வித நோவும் இல்லாத 3110 பேரின் ஸ்கான் படங்களை ஆராய்ந்த 33 ஆய்வுகளை 2015இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். நோவே இல்லாத 20 வயதினரில் நூற்றுக்கு 30 பேருக்கும், 80 வயதினரில் நூற்றுக்கு 84 பேருக்கும் வட்டுப் புடைப்பு இருந்தது. தலை நரைப்பதுபோல் இதுவும் ஒரு நரை. ஆகவேதான் எமது ஜி.பி. உடனே ஸ்கானுக்கு அனுப்புவதில்லை. அதனைச் செலவு மிச்சம் பிடிக்கும் தந்திரம் என்று நாம் குறைகூறுவது சரியல்ல. படத்தில் உள்ள நரையைக் கண்டு பயந்து, குனியாமல், தூக்காமல், பிரதட்சணம்கூட வராமல் உட்கார்ந்துவிடுபவர்களே அதிகம் நலிகிறார்கள்.

எலும்பை இடத்தில் வைக்காவிட்டால் கை என்னதான் செய்கிறது? நோவுச் செய்தியைக் கொண்டுபோகும் நரம்பு மண்டலத்தை அது சிறிது காலம் அமைதிப்படுத்துகிறது, இறுகிய தசை தளர்கிறது, அசையப் பயந்தவருக்கு அசையத் துணிவு வருகிறது. இதுவே இன்றைய விளக்கம். இந்த அமைதி சில மணித்தியாலமோ சில நாளோ இருக்கும். அந்த இடைவேளையை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கணக்காளர் என்ற முறையில் வரவு செலவைப் பார்ப்போம். 2004இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியான பெரிய ஆய்வொன்றில் 1334 நோயாளிகள் பங்குபற்றினார்கள். மூன்று தொழிலினரும் சேர்ந்து உடன்பட்ட கைச்சிகிச்சை முறையொன்றை ஒரு பகுதியினருக்கும், உடற்பயிற்சி வகுப்பை இன்னொரு பகுதியினருக்கும், இரண்டையும் மற்றொரு பகுதியினருக்கும் கொடுத்தார்கள். எஞ்சியோருக்கு ஜி.பி.யின் வழக்கமான கவனிப்பு மட்டும். மூன்று மாதத்தில், இரண்டையும் பெற்றவர்கள் மிதமான நன்மை கண்டார்கள். கைச்சிகிச்சை மட்டும் பெற்றவர்களின் நன்மை சிறியதுமுதல் மிதமானதுவரை. ஒரு வருடம் கழிந்தபோது கைச்சிகிச்சையின் நன்மை இருந்தது, ஆனால் சிறிதாகவே இருந்தது. 2019இல் 47 ஆய்வுகளை, 9211 நோயாளிகளை ஒன்றாக வைத்துப் பார்த்தவர்களும் நாட்பட்ட நாரி நோவுக்குக் கைச்சிகிச்சை, உடற்பயிற்சி போன்ற ஏனைய நல்ல முறைகளுக்கு ஏறக்குறையச் சமம் என்றே கண்டார்கள். மேலானதுமல்ல, தாழ்ந்ததுமல்ல.

இதனாற்றான் இந்நாட்டின் நைஸ் என்னும் மருத்துவ வழிகாட்டும் நிறுவனம் தன் மனத்தை மாற்றிக்கொண்டது. 2009இல் அது, 12 வாரத்துக்குள் 9 தடவைவரை கைச்சிகிச்சையைத் தனியே கொடுக்கலாம் என்றது. 2016 நவம்பரில் வெளியிட்ட புதிய வழிகாட்டலில், உடற்பயிற்சியோடு சேர்த்து மட்டுமே கொடுக்கலாம் என்று திருத்தியது. நாரியை இயந்திரத்தால் இழுப்பது, இடுப்புப் பட்டி கட்டுவது, அல்ட்ராசவுண்ட், மின்னதிர்வுப் பெட்டி ஆகியவற்றை வேண்டாம் என்று ஒதுக்கியது. 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டலும் பட்டி, இழுவை, அல்ட்ராசவுண்ட் ஆகியவற்றை ஒதுக்கி, கைச்சிகிச்சையையும் மசாஜையும் கொடுக்கக்கூடியவற்றின் வரிசையில் வைத்தது. எமது வீடுகளில் அலுமாரிக்குள் கிடக்கும் இடுப்புப் பட்டிகளை எண்ணினால் ஒரு கடை வைக்கலாம்.

உடற்பயிற்சி என்றதும் ஜிம்முக்குக் காசு கட்டவேண்டும் என்று பயப்படத் தேவையில்லை. அவுஸ்திரேலியாவில் நாரி நோவிலிருந்து அண்மையில் தேறிய 701 பேரை வைத்து நடந்த ஆய்வொன்று 2024இல் வெளியாயிற்று. ஒரு பிரிவினருக்குப் பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டலுடன் படிப்படியாக நடைப்பயிற்சி கொடுத்தார்கள். மறுபிரிவினருக்கு ஒன்றுமில்லை. நோவு திரும்பி வர, ஒன்றுமில்லாதவர்களில் நடுவில் நிற்பவருக்கு 112 நாள் எடுத்தது. நடந்தவர்களில் 208 நாள். பிளாஷட் பார்க்கும் சென்ட்ரல் பார்க்கும் எமது வாசலில் இருக்கின்றன, நுழைவுக் கட்டணம் கிடையாது. பிள்ளையார் முன் போடும் தோப்புக்கரணத்தை ஒழுங்காக முழங்கால் மடித்துப் போட்டால் அதுவும் நல்ல பயிற்சியே. மூன்று போட்டுவிட்டு ஓடுவதுதான் எமது வழக்கம்.

இனிக் காசு விடயம். என்.எச்.எஸ். பிசியோதெரபி இலவசம். பல இடங்களில் ஜி.பி.யைப் பாராமலே நேரடியாகப் பெயர் கொடுக்கலாம். உங்கள் சேர்ஜரியில் விசாரியுங்கள். காத்திருக்க இயலாமல் தனியாரிடம் போவோர், முதல் நாளே 20, 30 தடவைக்கு முற்பணம் கேட்டால் கொடுக்கவேண்டாம் என்பதே எமது கருத்து. மேற்சொன்ன 2004 ஆய்வில் முழுச் சிகிச்சையும் 12 வாரத்தில் 8 தடவைதான். நான்கைந்து தடவைக்குள் ஒரு மாற்றமும் தெரியாவிட்டால் ஆறாவது தடவைக்கு ஏன் போகிறோம் என்று கேட்டுக்கொள்ளலாம். வீட்டில் செய்யப் பயிற்சி ஒன்றும் சொல்லித்தராமல் அனுப்புபவர், திரும்பத் திரும்ப வருவதையே விரும்புகிறார் என்று சந்தேகிக்க இடமுண்டு. ஒரு குறிப்பு: நாரிக்குப் போனவரின் கழுத்தை முறிக்கத் தேவையில்லை. கழுத்தை வேகமாகத் திருப்புவதில் வரக்கூடிய ஆபத்து அரிதானாலும் பெரியது.

யாரை அழுத்தக் கூடாது என்பதை இதைவிட விரிவாகச் சொல்லவேண்டும். இரண்டு கால்களும் சோருதல், மலசலம் கழிக்கும் இடத்தைச் சுற்றித் தொடுகை தெரியாமற் போதல், சலம் போக முடியாமை அல்லது தெரியாமற் போதல் ஆகியவை நாரி நோவுடன் வந்தால் அது நரம்புக் கட்டு நசிவதன் அடையாளம். அன்றே, அந்த மணித்தியாலமே பிளெய்ஸ்ரோவில் உள்ள நியூஹாம் வைத்தியசாலை அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும். எண்ணெய் தடவிக் காலைவரை பார்ப்போம் என்பது ஆயுள் முழுவதும் அனுபவிக்கவேண்டிய தவறாகிவிடும். முன்பு புற்றுநோய் வந்தவர்கள், காரணமின்றி மெலிபவர்கள், விழுந்தெழும்பியவர்கள், நெடுங்காலம் ஸ்டீரொயிட் குளிசை எடுப்பவர்கள் முதலில் வைத்தியரிடமே போகவேண்டும்.

எமது பகுதிக்கென்று இரண்டு விடயங்கள் உண்டு. நியூஹாம் நீண்ட காலமாகவே பிரித்தானியாவில் காசநோய் அதிகமுள்ள பகுதிகளுள் ஒன்று. காசநோய் நெஞ்சில் மட்டும் வருவதல்ல, முள்ளந்தண்டிலும் வரும். இதே இலண்டனில் சென் பார்த்தலோமியூ வைத்தியசாலையில் பணியாற்றிய பேர்சிவல் பொட் 1779இலேயே அதனை விவரித்து எழுதினார். இருமல் சிறிதும் இல்லாமல், ஆறுதல் எடுத்தாலும் தீராத முதுகு நோ, மாலைக் காய்ச்சல், இரவில் உடுப்பு நனையும் வியர்வை, மெலிவு என்று அது வரும். அரித்துப்போன எலும்பின்மேல் ஒருவர் ஏறி அழுத்தினால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. ஆனால் கண்டுபிடித்தால் மருந்தால் மாற்றக்கூடிய நோய் அது. வெட்கப்படவும் ஒன்றுமில்லை. மற்றது விற்றமின் டி குறைவு. கறுத்த தோலுக்கு இந்நாட்டு வெயில் போதாது. எலும்பு மென்மையாகி நாரியும் தொடையும் நோகும்போது வேண்டியது பிடிப்பிப்பதல்ல, ஒரு இரத்தப் பரிசோதனை.

பேரப்பிள்ளையை நாரியில் ஏறி மிதிக்கச் சொல்லும் அம்மம்மாமாருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையின் கால் படுவதில் உள்ள சுகம் எமக்கும் தெரியும். ஆனால் மாதவிடாய் நின்றபின் எலும்பு ஐதாகிவிடும். அப்படியான முள்ளந்தண்டு சிறு பாரத்துக்கே நொறுங்கிவிடக்கூடும். பேரன் பக்கத்தில் இருந்து கையால் தடவட்டும். சுடுதண்ணீர்ப் போத்தல் ஒத்தணமும் நொச்சி இலை ஒத்தணமும் தாராளமாகச் செய்யலாம்.

இன்னுமொரு சாராரைப் பற்றிப் பேசாமல் இக்கட்டுரையை முடிக்க எமக்கு மனமில்லை. எம்மவரில் சிலரின் நாரி நோவு மூடை தூக்கி வந்ததல்ல. தடுப்பு முகாம்களில் அடிபட்டு வந்தது. 1985இல் ஹெலன் பாம்பர் அம்மையார் இலண்டனில் நிறுவிய, சித்திரவதைக்கு உள்ளானோரைப் பராமரிக்கும் மருத்துவ நிலையம் 2011இல் பெயர் மாறி இன்றும் இயங்குகிறது. 2009 மேக்குப் பின் இலங்கையில் சித்திரவதை செய்யப்பட்ட 148 பேரின் மருத்துவச் சான்றுகளை அது 2015இல் வெளியிட்டது. அப்படிப்பட்ட ஒருவரைக் குப்புறப் படுக்கவைத்து, அவருக்குத் தெரியாத ஒருவர் பின்னால் நின்று கைவைத்தால், வைத்தியம் செய்யும் கையா வேறு கையா என்று உடம்பு பிரித்தறிவதில்லை. வியர்க்கும், மூச்சு அடைக்கும், தசை இன்னும் இறுகும். அவர் மறுமுறை போகமாட்டார். வீட்டில் "வைத்தியம் சரிவரேல்லை" என்று மட்டும் சொல்வார். அதைக் கேட்கும் மனைவிமாரும் பிள்ளைகளும் ஏன் போகவில்லை என்று ஏசவேண்டாம்.

இத்தகையவர்களுக்கு உரிமைகள் உண்டு. கை வைக்குமுன் வைத்தியர் சம்மதம் பெறவேண்டும். கொடுத்த சம்மதத்தை நடுவிலே திருப்பி எடுக்கலாம். ஆண் வேண்டும், பெண் வேண்டும் என்று கேட்கலாம். குப்புறப் படுக்க முடியாது, சரிந்து படுக்கிறேன் என்று சொல்லலாம், கதிரையில் இருந்தபடியே செய்யச் சொல்லலாம். என்ன நடந்தது என்று முழுக்கதையும் சொல்லத் தேவையில்லை. "முன்பு எனக்கு அடித்திருக்கிறார்கள், பின்னாலிருந்து தொடவேண்டாம்" என்ற ஒரு வசனம் போதும். தொடுகையே வேண்டாம் என்றால் கைச்சிகிச்சையை விட்டுவிட்டுப் பயிற்சியையும் நடையையும் மட்டும் எடுத்துக்கொள்ளலாம். மேலே கண்ட கணக்கின்படி அதனால் பெரிய நட்டம் ஒன்றும் வந்துவிடாது.

இவற்றைப் பிள்ளையை வைத்து மொழிபெயர்ப்பிக்க வேண்டாம். பத்து வயதுப் பிள்ளை கேட்கக்கூடாதவை இதில் உண்டு. என்.எச்.எஸ். இலவசமாக மொழிபெயர்ப்பாளரைத் தரும், நாள் குறிக்கும்போதே கேட்டுவிடவேண்டும். வருபவர் தமிழ்நாட்டவராகவும் இருக்கலாம். அவருக்கு நாரி என்றால் விளங்காமற் போகலாம், கையால் தொட்டுக் காட்டுங்கள். நாம் "கால் விறைக்குது" என்றால் உணர்ச்சி இல்லை என்று பொருள். அவர்கள் பேச்சில் விறைப்பு என்பது கட்டைபோல் இறுகி நிற்பது. வைத்தியருக்கு இவை இரண்டும் வெவ்வேறு நோய்கள். ஆகவே "மரத்துப் போகிறது, தொட்டால் தெரியவில்லை" என்று சொல்லுங்கள்.